குஸ்லேயும் செர்பிய வீரக்கதைப் பாடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செர்பியாவில் எங்காவது பிந்தி வந்து சேர்பவரைப் பார்த்து, "மார்க்கோ கொசோவோவுக்குத் தாமதமாக வந்தான்" என்று சொல்வார்கள். பஸ் போன பிறகு ஓடி வருபவருக்கும் இதுதான், எல்லாம் முடிந்தபின் யோசனை சொல்ல வருபவருக்கும் இதுதான். மார்க்கோ, குஸ்லே என்ற வாத்தியத்தோடு பாடும் வீரக்கதைப் பாட்டுகளின் நாயகன்; கொசோவோ, அவற்றில் வரும் போர்க்களம். இதைச் சொல்லும் பலர் குஸ்லே பாட்டு ஒன்றைக்கூட முழுதாக உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பாட்டைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

குஸ்லே என்றால் என்ன?

வில்லால் இழைத்து வாசிக்கும் ஒற்றைத் தந்தி வாத்தியம். பெரும்பாலும் மேப்பிள் மரத்தில், ஒரே கட்டையிலிருந்து குடைந்து எடுப்பார்கள். கிண்ணம் போன்ற அடிப்பகுதியின் மேல் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டியிருக்கும். தந்தி என்பது கம்பி இல்லை. குதிரை மயிர்களைச் சேர்த்த ஒரு கற்றை. வில்லிலும் குதிரை மயிர்தான். பாடகர் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் நிறுத்திவைத்து வாசிப்பார். அவருக்குக் 'குஸ்லார்' என்று பெயர். கழுத்தின் உச்சியில் குதிரைத் தலை, மலையாட்டுத் தலை, கழுகு, சில சமயம் பழைய வீரர்களின் முகம் என்று செதுக்கியிருக்கும். வாசிக்கத் தெரியாதவர் வீட்டிலும் இந்தச் செதுக்கலுக்காகவே சுவரில் ஒன்று தொங்குவதுண்டு.

செர்பிய மொழியில் 'குஸ்லே' என்பது பன்மைச் சொல். இருப்பது ஒரே தந்தி, ஆனால் பேச்சில் எப்போதும் பன்மை.

கேட்டால் ஒரே ரீங்காரமாக இருக்கிறதே, இதில் இசை எங்கே?

நியாயமான கேள்வி. முதல் தடவை கேட்டபோது ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். விரல்கள் தந்தியைக் கழுத்துக் கட்டையோடு வைத்து அழுத்துவதில்லை; பக்கத்திலிருந்து தொடுகின்றன, அவ்வளவுதான். கிடைப்பது நாலைந்து சுரங்கள். அவையும் பியானோ கட்டைகளோடு சரியாகப் பொருந்தாது. குரல் அடைத்த மாதிரி, மூக்கிலிருந்து வரும். வாத்தியம் குரலுக்குத் துணையாகப் போவதைவிட அதோடு உரசிக்கொண்டே போகும்.

இதன் தாளம் சொல்லில் இருக்கிறது. ஒரு வரிக்குப் பத்து அசை, நாலாவது அசை முடிந்ததும் ஒரு சின்ன வெட்டு, பிறகு ஆறு. மேலே சொன்ன பழமொழியையே எடுத்துக்கொள்ளுங்கள்: "கஸ்னோ மார்க்கோ | நா கோசோவோ ஸ்டீஷே". விரல் விட்டு எண்ணினால் நாலும் ஆறும் வரும். பழமொழியாகிப் போன பிறகும் பாட்டின் அளவு கலையவில்லை. ஆயிரக்கணக்கான வரிகள் இதே அச்சில் வார்க்கப்பட்டவை. பழைய பாணியில் பாடுபவர்கள் வரியின் கடைசி அசையை விழுங்கியே விடுவார்கள். மொழி தெரிந்தவர்கள்கூட அதை ஊகித்துத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பாட்டுகளில் என்ன கதை?

நடுநாயகமாக இருப்பது 1389-ஆம் ஆண்டு கொசோவோ சமவெளியில் நடந்த போர். ஒரு பக்கம் செர்பிய இளவரசர் லாசர், மறுபக்கம் ஒட்டோமான் துருக்கியர்களின் சுல்தான் முதலாம் முராத். இருவருமே அந்தப் போரில் இறந்தார்கள். பாட்டுப்படி, போருக்கு முன் ஜெருசலேமிலிருந்து ஒரு சாம்பல் வல்லூறு பறந்து வருகிறது. வருவது வல்லூறு இல்லை, தீர்க்கதரிசி எலியா. அவர் கொண்டுவருவது மேரி மாதா எழுதிய கடிதம். பூமியின் அரசு வேண்டுமா, வானத்தின் அரசு வேண்டுமா என்று அதில் கேட்டிருக்கிறது. பூமியின் அரசு வேண்டுமானால் சேணம் கட்டிப் புறப்படு, ஜெயிப்பாய்; வானத்தின் அரசு வேண்டுமானால் கோயில் எழுப்பிப் படைக்குத் திருவிருந்து கொடு, நீயும் படையும் மடிவீர்கள். லாசர் வானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்.

மனதை அதிகம் உலுக்குவது யுகோவிச் சகோதரர்களின் தாயைப் பற்றிய பாட்டு. ஒன்பது பிள்ளைகளும் கணவரும் போருக்குப் போயிருக்கிறார்கள். தாய் கடவுளிடம் வல்லூறின் கண்களையும் அன்னத்தின் சிறகுகளையும் கேட்டு வாங்கிப் பறந்து போகிறாள். களத்தில் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். அழவில்லை. வீடு திரும்பினால் ஒன்பது மருமகள்களும் ஒன்பது பேரக் குழந்தைகளும் கதறுகிறார்கள். அப்போதும் அழவில்லை. நள்ளிரவில் மகன் தாமியானின் குதிரை கனைக்கிறது, அப்போதும் இல்லை. விடிந்ததும் இரண்டு அண்டங்காக்கைகள் ஒரு வெட்டுண்ட கையைக் கொண்டுவந்து அவள் மடியில் போடுகின்றன. மோதிரத்தைப் பார்த்துத் தாமியானின் மனைவி அடையாளம் சொல்கிறாள். தாய் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதனோடு மெதுவாகப் பேசுகிறாள்: என் பச்சை ஆப்பிளே, எங்கே வளர்ந்தாய், எங்கே பறிக்கப்பட்டாய். இந்த மடியில் வளர்ந்தாய், கொசோவோவில் பறிக்கப்பட்டாய். அத்தோடு அவள் நெஞ்சு வெடித்துவிடுகிறது.

இந்தப் பாட்டில் சுல்தானும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. வீரக்கதைப் பாட்டு என்றாலே போர் வெறி என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கொசோவோவை விட்டால் அதிகம் பாடப்படுபவன் மார்க்கோ. பெரிய மீசை, ஷாராட்ஸ் என்ற புள்ளிக் குதிரை, வைன் குடித்தால் பாதி தனக்கு, பாதி குதிரைக்கு.

இதெல்லாம் உண்மையில் நடந்ததா?

போர் நடந்தது. லாசரும் முராத்தும் இறந்ததும் உண்மை. மற்றதில் பாட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. வூக் பிராங்கோவிச் என்ற பிரபு காட்டிக்கொடுத்ததால்தான் தோற்றோம் என்கிறது பாட்டு. வரலாற்று ஆசிரியர்களுக்கு அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர் பெயர் இன்றைக்கும் 'துரோகி' என்பதற்கு மறுபெயர்.

மார்க்கோ கதை இன்னும் விசித்திரம். நிஜ மார்க்கோ ஒரு சிற்றரசர், சுல்தானுக்குக் கப்பம் கட்டியவர். 1395-ல் ரோவினே போரில் ஒட்டோமான் படையோடு நின்றே இறந்தார். கிறிஸ்தவர்கள் ஜெயிக்கட்டும், முதலில் சாவது நானாகவே இருந்தாலும் சரி என்று அவர் சொன்னதாக ஒரு பழைய நூல் பதிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஓர் இரண்டுங்கெட்டான் நிலைமையில் இருந்தவரைத்தான் மக்கள் தங்கள் நாயகனாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களும் அதே நிலைமையில்தானே இருந்தார்கள்.

பழமொழியிலும் ஒரு கோளாறு உண்டு. அதன் பழைய வடிவத்தில் தாமதமாக வந்தவன் யாங்கோ, அதாவது 1448-ல் நடந்த இரண்டாம் கொசோவோ போரின் ஹங்கேரியத் தளபதி ஹுன்யாடி. சனங்கள் வாயில் அது மார்க்கோ ஆகிவிட்டது.

யார் பாடினார்கள், யார் எழுதிவைத்தார்கள்?

எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் வூக் கராஜிச் (1787–1864). இன்றைய செர்பிய எழுத்து முறைக்கு வடிவம் கொடுத்தவரும் அவரே. 10 தினார் நோட்டில் இருப்பது அவர் முகம். 1814-ல் வியன்னாவில் ஒரு சின்னப் பாட்டுப் புத்தகம் போட்டார். பிறகு பல தொகுதிகள் வந்தன. ஜெர்மனியில் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த யாக்கப் கிரிம் அவற்றைக் கொண்டாடினார், கவிஞர் கதேவும் ஆர்வம் காட்டினார். துருக்கிய ஆட்சியின் ஓரத்தில் கிடந்த ஒரு சிறிய மக்கள் கூட்டத்தை ஐரோப்பா கவனித்தது இந்தப் பாட்டுகள் வழியாகத்தான்.

பாடியவர்களில் பிலிப் விஷ்ணிச் பெரிய பெயர். சிறு வயதில் அம்மை கண்டு பார்வை போனவர். 1804-ல் செர்பியர்கள் துருக்கியர்களுக்கு எதிராக எழுந்தபோது அந்தக் கிளர்ச்சியையே பாட்டாக்கினார். 1815-ல், ஃப்ரூஷ்கா கோரா மலைப்பக்கம் ஷிஷாதோவாட்ஸ் என்ற மடத்தில் வூக் அவரை உட்கார வைத்து எழுதிக்கொண்டார். பதினோரு வருடத்துக்கு முந்தைய சம்பவம் அது. அதனால் குஸ்லேயைப் பழங்கதைச் சாமான் என்று மட்டும் நினைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் செய்தித்தாள் செய்த வேலையையும் அதுவே செய்தது.

இன்னொருவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். லாசர் வானத்தின் அரசைத் தேர்ந்தெடுக்கும் பாட்டு வூக்குக்குக் கிடைத்தது கிர்குரெவ்ட்ஸி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு கண் தெரியாத பெண்ணிடமிருந்து. அவர் பெயரை யாரும் குறித்துவைக்கவில்லை. 'கிர்குரெவ்ட்ஸி குருட்டுப் பெண்' என்றுதான் நூல்களில் நிற்கிறார். அரசியல்வாதிகள் மேடையில் இருநூறு வருடமாக மேற்கோள் காட்டும் வரிகள் அவர் வாயிலிருந்து வந்தவை.

ஹோமருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

எழுத்தறிவில்லாத ஒருவரால் பல்லாயிரம் வரிகளை எப்படிப் பாட முடியும்? பண்டைக் கிரேக்கக் காவியக் கவி ஹோமரை ஆராய்ந்த மில்மன் பாரி என்ற அமெரிக்கருக்கு இதுதான் புதிர். உயிரோடு இருக்கும் பாடகர்களிடமே போய்ப் பார்த்துவிடலாம் என்று 1933 முதல் 1935 வரை யுகோஸ்லாவியாவில் (செர்பியா அப்போது இந்த நாட்டின் பகுதி) சுற்றினார். உதவிக்கு ஆல்பர்ட் லார்ட் என்ற இளைஞர் இருந்தார். ஒரு தட்டு நிரம்பியதும் பாட்டு அறுந்துபோகாமல் அடுத்த தட்டுக்கு மாறுவதற்காக, இரண்டு சுழல்தட்டு வைத்த பதிவுக் கருவியைத் தனியாகச் செய்து கொண்டுவந்தார். அலுமினியத் தட்டுகளில் பதிந்த அந்தக் குரல்கள் இன்றும் ஹார்வர்டில் இருக்கின்றன.

நோவி பசார் என்ற ஊரில் ஸோகிச் என்ற பாடகரைச் சந்தித்தார்கள். இன்னொரு பாடகர் பாடியதை ஒரே தடவை கேட்டு, வார்த்தை பிசகாமல் அப்படியே பாடிவிடுவேன் என்றார் அவர். இருவர் பாடியதையும் பதிந்து ஒப்பிட்டால் ஏகப்பட்ட வித்தியாசம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு 'அதே பாட்டு' என்றால் அதே கதை, அதே அடுக்கு. வரிகள் ஒவ்வொரு தடவையும் பாடும்போதே பிறக்கின்றன. 'வெள்ளைக் கோபுரம்', 'நல்ல குதிரை' என்பது போன்ற ஆயத்தத் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கைவசம் இருக்கும். பத்து அசைக்குள் எது பொருந்துமோ அது வந்து உட்காரும்.

பியேலோ போலியே ஊரைச் சேர்ந்த அவ்தோ மெஜெதோவிச் எழுதப் படிக்கத் தெரியாதவர், இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர். 1935-ல் ஒரே பாட்டைப் பன்னிரண்டாயிரம் வரிக்கு மேல் சொல்லி எழுதவைத்தார். ஏறக்குறைய ஹோமரின் ஒடிஸி காவியத்தின் நீளம். பாரி அதே வருடம் இறந்துபோனார். லார்ட் 1960-ல் புத்தகமாக எழுதியது உலகம் முழுக்க வாய்மொழி இலக்கிய ஆய்வையே புரட்டிப் போட்டது.

இன்றைய குஸ்லார்களும் அப்படித்தான் பாடுகிறார்களா?

இல்லை. பெரும்பாலோர் அச்சில் வந்த பாட்டை மனப்பாடம் செய்து பாடுகிறார்கள். வூக்கின் புத்தகங்கள் பாட்டைக் காப்பாற்றின. அதே நேரத்தில் அதை உறையவும் வைத்தன. 'சரியான பாடம்' என்று ஒன்று வந்துவிட்டால் மாற்றிப் பாடுவது தப்பாகிவிடுகிறது. இதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் பள்ளிக்கூடம் வந்த ஊரில் வேறு எப்படி நடந்திருக்கும் என்றும் தெரியவில்லை.

அப்படியானால் இப்போது எங்கே கேட்கலாம்?

குஸ்லார் சங்கங்கள் இருக்கின்றன, போட்டிகளும் விழாக்களும் நடக்கின்றன. குடும்பத்தின் காவல் புனிதரைக் கொண்டாடும் 'ஸ்லாவா' நாளில் சில வீடுகளில் பாடுவார்கள். நினைவு நிகழ்ச்சிகளிலும் உண்டு. செர்பியாவின் மேற்கு, தென்மேற்கு மலைப்பகுதியிலும், ஹெர்ஸகோவினா, மான்டினீக்ரோ பக்கமிருந்து வந்து குடியேறியவர்களிடமும் இந்தப் பழக்கம் அதிகம். பெல்கிரேடில் ஒரு காபிக் கடையில் போய்க் குஸ்லே கேட்க ஆசைப்பட்டால் பரிசாரகர் உங்களை ஒரு மாதிரி பார்க்கலாம். நகரத்து இளைஞர்களில் பலருக்கு இது நாட்டுப்புறத்தான் சமாசாரம், கேலிப் பொருள்.

ஆனால் அவர்களும் பள்ளியில் கொசோவோ பாட்டுகளையும் மார்க்கோ பாட்டுகளையும் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். அந்தத் தாயின் கதை தெரியாத செர்பியரைத் தேடிப் பிடிப்பது கடினம். பாட்டு காதை விட்டுப் போய்விட்டது. பேச்சை விட்டுப் போகவில்லை. பூமியின் அரசா வானத்தின் அரசா, யார் துரோகி, யார் பிந்தி வந்தவன் என்று இன்றும் அந்தச் சொற்களிலேயே வாதாடிக்கொள்கிறார்கள். இந்தப் பாட்டு இன்றைய சமூகத்தில் செய்யும் உண்மையான வேலை என்று நான் நினைப்பது இதைத்தான்.

புதுப் பாட்டுகள் வருகின்றனவா?

வருகின்றன. உலகப் போர்களைப் பாடினார்கள், இரண்டாம் உலகப் போரின் கெரில்லாக்களான பார்ட்டிசான்களைப் பாடினார்கள், அவர்கள் தலைவர் டிட்டோவையும் பாடினார்கள். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதைக்கூட இதே பத்து அசையில் குஸ்லே பாட்டாக்கி இசைத்தட்டு போட்டார்கள் (பாடியவர் ஒரு குரோவேஷியர்). 1990களின் போர்களும் 1999 நேட்டோ குண்டுவீச்சும் வந்த பிறகு அவற்றைப் பற்றிக் குவியலாகப் பாட்டுகள் வந்தன. தரம்? நேராகச் சொன்னால் பெரும்பாலானவை அரசியல் மேடைப் பேச்சைப் பத்து அசையாக நறுக்கியவை.

குஸ்லே என்றாலே தீவிரத் தேசியவாதம் என்கிறார்களே, உண்மையா?

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கொசோவோ போரின் 600-வது ஆண்டு நிறைவு 1989 ஜூன் 28. செர்பியர்கள் 'விதோவ்தான்' என்று அழைக்கும் நாள். அந்தப் போர்க்களத்தருகே காசிமெஸ்தானில் பெரும் கூட்டத்தின் முன் அன்றைய செர்பியத் தலைவர் ஸ்லோபோதான் மிலோஷெவிச் பேசினார். ஒற்றுமையின்மை, துரோகம் என்று பாட்டின் பழைய சொற்களைத் தொட்டுவிட்டு, ஆயுதப் போர்களையும் இனி வராதென ஒதுக்கிவிட முடியாது என்ற பொருளில் ஒரு வரி சொன்னார். இரண்டு வருடத்தில் யுகோஸ்லாவியா சிதறத் தொடங்கியது.

போஸ்னியப் போரின்போது, அங்கிருந்த செர்பியர்களின் தலைவர் ரதோவான் கராஜிச் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில் குஸ்லே வாசித்தார். வூக் கராஜிச்சின் வம்சம் நான் என்று சொல்லிக்கொண்டவர் அவர். பின்னாளில் பெயரை மாற்றி, நீண்ட தாடி வளர்த்து, மாற்று மருத்துவர் வேடத்தில் பெல்கிரேடிலேயே ஒளிந்திருந்தார். 2008-ல் பிடிபட்ட பிறகு, அவர் போய்வந்த மதுக்கடைக்காரர்கள் செய்தியாளர்களிடம் சொன்னது: அந்தத் தாடிக்காரர் இங்கே குஸ்லே வாசித்திருக்கிறார், சுவரில் இருந்த ரதோவான் கராஜிச்சின் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து. ஹேக் தீர்ப்பாயம் 2016-ல் ஸ்ரெப்ரெனிட்சா இனப்படுகொலை உள்பட பல குற்றங்களில் அவரைக் குற்றவாளி என்றது. 2019-ல் தண்டனை ஆயுளாக உயர்ந்தது.

இப்படி ஒருவர் கையில் ஒரு வாத்தியத்தைப் பார்த்த பிறகு, போஸ்னியாவில் ஊரை இழந்த ஒருவருக்கு அதன் சத்தம் எப்படிக் கேட்கும்? "வாத்தியம் என்ன பாவம் செய்தது" என்று சமாதானம் சொல்வது எளிது. பாட்டுகளிலும் 'துருக்கியன்' என்ற சொல் உள்ளூர் முஸ்லிம்களையும் சேர்த்தே குறிக்கும். தலை வெட்டுவதை ரசித்துச் சொல்லும் இடங்களும் உண்டு. அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் காட்டக் கூடாது. ஆனால் அந்தக் குருட்டுப் பெண் பாடியது தோற்றவர்களுக்கான ஆறுதல். தோற்றவர்களின் ஆறுதலை ஆயுதம் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொண்டபோதுதான் விபரீதம் வந்தது என்பது என் கணக்கு.

இது செர்பியர்களுக்கு மட்டும் சொந்தமா?

இல்லை. மான்டினீக்ரோ, ஹெர்ஸகோவினா, குரோவேஷியாவின் டால்மேஷிய உட்பகுதி எல்லா இடத்திலும் குஸ்லே உண்டு. பாரியின் தலைசிறந்த பாடகர் அவ்தோ ஒரு முஸ்லிம். அவர் பாட்டில் நாயகர்கள் சுல்தான் பக்கத்து வீரர்கள். அல்பேனியர்களுக்கு 'லஹூத்தா' என்ற உறவுக்கார வாத்தியம் இருக்கிறது. கொசோவோ போரில் சுல்தான் முராத்தைக் கொன்ற வீரன் மிலோஷ் அல்பேனியப் பாட்டிலும் வருகிறான், அங்கே அல்பேனியனாக.

யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததாமே?

குஸ்லேயோடு பாடும் கலை, 2018-ல் செர்பியாவின் சார்பில் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுப் பட்டியலில் சேர்ந்தது. முந்தைய வருடம் 'கோலோ' என்ற வட்ட நடனம் சேர்ந்திருந்தது. விழா நடத்தவும் பணம் கேட்கவும் உதவும்.

பெண்கள் வாசிக்கலாமா?

ஆண்களின் வாத்தியம் என்று சொல்வார்கள். வூக்கின் காலத்தில் ஜீவானா, யேட்சா, ஸ்தெபானியா என்று கண் தெரியாத பெண் பாடகர்கள் இருந்தார்கள். அதைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார்கள். இன்றும் பெண்கள் வாசிக்கிறார்கள். 2012-ல் செர்பியத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில் ஜெயித்தவர்கள் போயானா பெகோவிச், அவர் சகோதரர் நிகோலா. அக்கார்டியன் சகோதரர் கையில், குஸ்லே போயானாவின் கையில்.

டிரம்பெட் திருவிழா, டர்போ ஃபோக் எல்லாம் இதுதானா?

இல்லை. குச்சா ஊரின் டிரம்பெட் விழா (1961 முதல்) பித்தளை வாத்தியக் குழுக்களின் கூத்து. ஆடவும் குடிக்கவும் ஏற்றது. டர்போ ஃபோக் 1990களில் ஓங்கிய, சிந்தசைசர் போட்ட இரவு விடுதிப் பாட்டு. குஸ்லேக்கு யாரும் ஆட மாட்டார்கள்.

மொழி தெரியாமல் எங்கே தொடங்குவது?

யூடியூபில் செர்பிய எழுத்தில் 'குஸ்லே' என்று தேடினால் மேடைப் போட்டிகளும் அரசியல் பாட்டுகளும் கலந்து வரும். முதலில் யுகோவிச் தாயின் பாட்டை எடுங்கள். கதை மேலே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டே பின்தொடரலாம். அப்புறம் ஹார்வர்டின் பாரி தொகுப்பு. அதில் கணிசமான பகுதியை இணையத்தில் கேட்கலாம். இரைச்சலும் கீறலும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டு தொடங்கும் முன் வில் மட்டும் கொஞ்ச நேரம் ஓடும்; குரல் எங்கே நுழைகிறது என்று காத்திருந்து பிடியுங்கள். அதிலிருந்து விரல் விட்டு நாலு, ஆறு என்று எண்ணிக்கொண்டு வந்தால், பத்தாவது அசை காணாமல் போகும் இடம் சீக்கிரமே பிடிபடும்.